லேபிளில் சின்ன எழுத்து: லக்கி மிலிண்டர் ஆர்கெஸ்ட்ராவைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

"ஜம்ப் ப்ளூஸ் கேட்கணும், எங்கே ஆரம்பிக்கலாம்?" என்று யாராவது கேட்டால் உடனே ஒரு நூறு பாட்டுப் பட்டியலை நீட்டிவிடுவது வழக்கம். பட்டியலை வாங்கிக்கொண்டு போனவர்கள் பத்தாவது பாட்டுக்குள் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்று சலித்து விட்டுவிடுவார்கள். நானும் அப்படி விட்டவன்தான். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது ஒரே ஒரு ஆர்கெஸ்ட்ராவை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் கேட்டேன். அப்போதுதான் காது திறந்தது. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஆர்கெஸ்ட்ராவின் தலைவர் லக்கி மிலிண்டர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து அனிஸ்டன் ஊரில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்தவர். எந்த வாத்தியமும் வாசிக்க மாட்டார். நொட்டேஷன் படிக்கத் தெரியாது. பாடுவதும் அபூர்வம். பிறகு எதை வைத்து 15 பேரைக் கட்டி மேய்த்தார் என்றால், காதை வைத்துத்தான். சிக்கலான ஏற்பாடுகளையும் (எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று குழுவுக்காகப் பிரித்து எழுதும் அரேஞ்ச்மென்ட்) இரண்டொரு முறை கேட்டே மனத்தில் ஏற்றிக்கொண்டு, யார் எங்கே நுழைய வேண்டும் என்று கையைக் காட்டுவார். மேடையில் தாவுவார், குதிப்பார். எல்லாவற்றையும்விடப் பெரிய திறமை, யாரைப் பாடவைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1940 முதல் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் அவர் மேடையைக் கடந்துபோன குரல்களைப் பாருங்கள்: சிஸ்டர் ரொசெட்டா தார்ப், ட்ரெவர் பேக்கன், வைனோனி ஹாரிஸ், புல் மூஸ் ஜாக்சன், அனிஸ்டீன் ஆலன். புதிதாக வருபவருக்கு இதைவிட வசதி கிடையாது. பின்னால் வாசிக்கும் குழு கிட்டத்தட்ட அதே குழு, முன்னால் நிற்கும் குரல்தான் மாறுகிறது. சமையல் அதே கை, பொருள்தான் வேறு என்பதுபோல. வித்தியாசம் நாக்கில் உடனே தெரியும்.

ஜம்ப் ப்ளூஸ் என்பதற்கு விளக்கம் இப்போதைக்கு இவ்வளவு போதும்: 1930-களின் ஸ்விங் பெருங்குழு இசையும் ப்ளூஸ் பாட்டும் சேர்ந்து, வேகம் கூடி, தாளம் கனத்து, டெனர் சாக்ஸபோன் உறுமத் தொடங்கிய கட்டம். 1940-களின் கறுப்பின அமெரிக்கர்களுடைய நடனக்கூட இசை. அடுத்த பத்தாண்டில் ராக் அண்ட் ரோல் என்று உலகம் கொண்டாடியதன் தாய்வீடு. மீதி கேட்கும்போது புரியும்.

கேட்பதற்கு முன்

ஃபோன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். முதல் தடவை நான் செய்த தவறு அதுதான். பேஸ் முழுக்கக் காணாமல் போய், டிரம்பெட்டுகள் மட்டும் தகரத்தில் ஆணி கீறுவதுபோல் கேட்டன. இந்த இசையில் தரை என்பது பேஸ்தான். தரை இல்லாமல் குதிக்க முடியாது. சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

எல்லாம் 10 அங்குல 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். கரகரப்பு இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். கரகரப்பே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். அளவுக்கு மீறிச் சுத்தம் செய்து, சிம்பல் சத்தத்தையும் சேர்த்துத் துடைத்திருப்பார்கள்.

தேடும்போது பெயரை ஆங்கில எழுத்தில் போடவேண்டும். மிலிண்டரில் "எல்" இரண்டு. தார்ப் கடைசியில் "இ" வரும். ஸ்ட்ரீமிங் தளங்களில் போட்டிருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது தொகுப்பு வெளியான ஆண்டு, பதிவான ஆண்டு அல்ல. க்ளாசிக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் இவருடைய பதிவுகளைக் கால வரிசையில் சிடிகளாகப் போட்டது. அந்த வரிசை கிடைத்தால் தேதிக் குழப்பம் தீர்ந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவில் அசல் 78 தட்டுகளையே பதிவேற்றியிருக்கிறார்கள், லேபிள் படத்தோடு. அந்தப் படங்களை நிதானமாகப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் கட்டுரையின் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

லேபிளில் பெரிய எழுத்தில் "லக்கி மிலிண்டரும் அவரது ஆர்கெஸ்ட்ராவும்" என்று இருக்கும். அதன் கீழே, கண்ணைச் சுருக்கிப் படிக்கும் அளவில், "வோக்கல் கோரஸ்" யார் என்று ஒரு வரி. பாடகருக்கு அன்றைக்கு இருந்த இடம் அவ்வளவுதான். மேடையிலும் அப்படியே. குழு வாசித்துக்கொண்டிருக்கும், பாடகர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தன் முறை வந்ததும் எழுந்து மைக்குக்குப் போய் ஒரு சுற்றுப் பாடிவிட்டு மறுபடி உட்கார வேண்டும். பத்தே வருடத்தில் இது தலைகீழானது. பாடகர் பெயர் பெரிய எழுத்தானது, வாசித்தவர்கள் பெயர் லேபிளில் இருந்தே போனது. அந்தப் பத்து வருடத்தைத்தான் நாம் கேட்கப் போகிறோம்.

முதல் படி: பாடகரை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடியுங்கள்

1949-ல் வெளியான "டி நேச்சுரல் ப்ளூஸ்" என்ற பதிவிலிருந்து தொடங்குங்கள். பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும். வேகமும் மிதம்தான்.

முதலில் காலால் அடியைத் தட்டுங்கள். ஒவ்வொரு அடிக்குள்ளும் ஒரு ஊசல் இருப்பது தெரியும். இதற்கு ஷஃபிள் என்று பெயர். நமக்கு இது புதிதல்ல; திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு அடியைத் "தகிட" என்று மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் இருக்கும் "கி"யை வாய்க்குள் விழுங்கிவிடுங்கள். "த... ட, த... ட, த... ட." ஷஃபிள் வந்துவிட்டது. நான்கு அடிக்கு ஒரு பார். இனி முதல் அடியில் தட்டாமல், இரண்டிலும் நான்கிலும் மட்டும் கை தட்டிப் பாருங்கள். சமத்தில் தட்டியே வளர்ந்த கைக்கு இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிடிக்கட்டும். கைக்கு இது பழகாதவரை ஜம்ப் ப்ளூஸ் காதில் மட்டும் நிற்கும், உடம்பில் இறங்காது.

அடுத்து எண்ணிக்கை. ஒரு சுற்று என்பது 12 பார், அதாவது 48 அடி. இசைக்காரர்கள் எண்ணும் முறையிலேயே எண்ணுங்கள்: "ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு, மூன்று-இரண்டு-மூன்று-நான்கு" என்று ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் பார் எண்ணைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். எண்ணும்போது பேஸ் எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். முதல் நான்கு பார் வீட்டில் இருக்கும். அதை ஷட்ஜம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது பாரில் மத்யமத்துக்கு ஏறும். ஏழாவதில் வீடு திரும்பும். ஒன்பதாவதில் பஞ்சமத்துக்குப் போய், பதினொன்றில் மறுபடி வீடு. ஒன்பதாவது பாரில் வரும் அந்த இழுப்பை ஒரு முறை உணர்ந்துவிட்டால், பிறகு எண்ணவே வேண்டாம். சுற்று எங்கே முடியப் போகிறது என்பது தானாகத் தெரியும். கச்சேரியில் மோராவைக் கேட்டதும் கை தானாகச் சமத்துக்குத் தயாராவதுபோலத்தான்.

இந்தப் பதிவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மிலிண்டரின் குழு இதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது பால் வில்லியம்ஸ் என்ற சாக்ஸபோன்காரர் கேட்டார். மெட்டை எடுத்துக்கொண்டு போய், நடனத்துக்கு ஏற்ற மாதிரித் தன் சின்னக் குழுவோடு வாசித்து, "தி ஹக்கிள்பக்" என்று பெயரிட்டார். 1949-ல் அது 14 வாரம் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலின் உச்சியில் இருந்தது. மிலிண்டர் பதிவும் ஓடியது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. பாவம் என்று சொல்ல வருபவர்கள் சற்றுப் பொறுங்கள்: அந்த மெட்டு அதற்கும் முன்னால், 1945-லேயே, ஜாஸ் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரின் "நௌஸ் தி டைம்" என்ற பதிவில் இருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒரே மெட்டு உட்கார்ந்து கேட்க ஒன்று, பெருங்குழுவுக்கு ஒன்று, இடுப்பை ஆட்ட ஒன்று என்று மூன்று உருவம் எடுத்திருக்கும்.

இரண்டாம் படி: குழு எப்படி உட்கார்ந்திருக்கிறது

கண்ணை மூடிக்கொண்டு மேடையை வரைந்துகொள்ளுங்கள். முன்வரிசையில் நான்கைந்து சாக்ஸபோன். பின்னால் இரண்டு மூன்று டிராம்போன், அதற்கும் பின்னால் மூன்று நான்கு டிரம்பெட். ஓரத்தில் பியானோ, கிதார், பேஸ், டிரம்ஸ். இந்த நான்கும் சேர்ந்தது ரிதம் செக்ஷன்.

"அப்போலோ ஜம்ப்" போடுங்கள். சாக்ஸபோன் வரிசை ஒரு சின்னச் சொற்றொடரை வாசிக்கும், அதையே திரும்பத் திரும்ப. இதுதான் ரிஃப். பித்தளை வரிசை, அதாவது டிரம்பெட்டும் டிராம்போனும், அதற்குக் குறுக்கே பதில் சொல்லும். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடுகிறார்களே, அந்த உறவுதான் இங்கே சாக்ஸபோனுக்கும் டிரம்பெட்டுக்கும். பிறகு பாடகர் வரும்போது மொத்தக் குழுவும் "ஆமா" போடும் பக்கத்துக்குப் போய்விடும்.

நடனக்கூடத்தை மறந்துவிட்டு இதைக் கேட்க முடியாது. மிலிண்டர் குழுவின் முக்கியமான களம், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் இருந்த சவாய் பால்ரூம் என்ற நடனக்கூடம். லெனாக்ஸ் அவென்யூவில், 140-ம் தெருவுக்கும் 141-ம் தெருவுக்கும் நடுவே ஒரு முழுப் பிளாக் நீளத்துக்கு இருந்தது. இரண்டு மேடை. ஒரு குழு முடிக்கும்போதே அடுத்த மேடையில் இன்னொரு குழு ஆரம்பித்துவிடும். ஆடுபவர்கள் கால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் குழுவுக்கு வெற்றி. லிண்டி ஹாப் என்ற துள்ளல் நடனம் ஆடுபவர்களைத் தரையிலிருந்து எழும்பவைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு எழுதுபவருக்கு இட்ட கட்டளை. "ஜம்ப்" என்ற பெயரில் இருக்கும் குதிப்பு இது. ஆகவே ஒருமுறையாவது எழுந்து நின்று கேளுங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது என்றாலும் சரி.

1942-ல் இந்தக் குழுவில் ஒரு இளம் டிரம்பெட்காரர் கொஞ்ச காலம் இருந்தார்: டிஸ்ஸி கில்லெஸ்பி. "லிட்டில் ஜான் ஸ்பெஷல்" பதிவில் அவருடைய தனி வாசிப்பு முடியும் இடத்தில், பின்னாளில் "சால்ட் பீனட்ஸ்" என்று பிரபலமான ரிஃப் எட்டிப் பார்க்கும். அவரையும் லக்கி வேலையை விட்டு நீக்கினார். ஆட்களை நீக்குவது அவருக்கு ஒரு பழக்கமாகவே இருந்தது.

மூன்றாம் படி: சிஸ்டர் ரொசெட்டா தார்ப்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட் ஊரில் 1915-ல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே சர்ச்சில் கிதாரோடு பாடி வளர்ந்தவர். 1938-ல் டெக்கா நிறுவனத்துக்குப் பதிவு செய்யத் தொடங்கினார். அந்த வருடத்தின் "ராக் மீ" பதிவில் அவரும் அவர் கிதாரும் மட்டும்தான். பாட்டு தாமஸ் டார்சி எழுதிய சர்ச் கீதம் ஒன்றின் மறுவடிவம். அதே பாட்டை மிலிண்டர் ஆர்கெஸ்ட்ராவோடும் பாடிப் பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதுதான் இந்தப் படியின் முதல் பயிற்சி.

தனியாகப் பாடும்போது, வரிக்கும் வரிக்கும் இடையே உள்ள இடைவெளியை அவர் கிதாரே நிரப்புகிறது. குரல் ஒரு கேள்வி, கிதார் பதில். ஆர்கெஸ்ட்ரா வந்ததும் அந்தப் பதில் சொல்லும் வேலை சாக்ஸபோன் வரிசைக்குப் போய்விடுகிறது. குரலுக்கு ஓய்வு கிடைக்கிறது. அதனால் அடுத்த வரியை இன்னும் தாமதமாக, அடிக்குப் பின்னால் சாய்ந்துகொண்டு தொடங்க முடிகிறது. எனக்குத் தனிப்பதிவுதான் பிடிக்கும். ஆனால் ஆர்கெஸ்ட்ராவின் முன் ஒரு பாடகர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கற்றுக்கொள்ள இரண்டாவது இல்லாமல் முடியாது.

பிறகு 1941-ன் "ஷவுட் சிஸ்டர் ஷவுட்." இதில் குழுவின் ஆண்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வாயால் குரல் கொடுக்கிறார்கள். சர்ச்சில் சபையார் பாடகியை உற்சாகப்படுத்தும் முறை அப்படியே நடனக்கூடத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. இந்தப் பாட்டுக்குப் படமும் உண்டு. சவுண்டிஸ் என்ற மூன்று நிமிடக் குறும்படங்கள் அந்தக் காலத்தில் மதுக்கடைகளிலும் ஹோட்டல்களிலும் வைத்திருந்த பெட்டிகளில் பத்து சென்ட் நாணயம் போட்டால் ஓடும். பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து, வாயசைத்துப் படமெடுத்திருப்பார்கள். முன்னால் நின்று கையை வீசிக்கொண்டிருப்பவர்தான் லக்கி. வாத்தியம் தொடாத ஒருவர் எப்படிக் குழுவை நடத்தினார் என்ற கேள்விக்கு அந்த உடம்பே பதில்.

"தட்ஸ் ஆல்" பதிவையும் இதே போல இரண்டு வடிவத்தில் கேட்கலாம். மிலிண்டரோடு செய்ததில் மின்கிதார். 1941-ல் ஒரு பெண், பெருங்குழுவுக்கு முன்னால், மின்கிதாரில் தனி வாசிக்கிறார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

"ஐ வான்ட் எ டால் ஸ்கின்னி பாப்பா" 1942. தலைப்பே சொல்கிறதே, உயரமான ஒல்லியான ஆள் வேண்டும் என்று. சர்ச் ஆட்கள் கொதித்துப்போனார்கள். அவருக்கும் இந்த ரகப் பாட்டுகளில் மனம் ஒட்டவில்லை. 1943 வாக்கில் ஆர்கெஸ்ட்ராவை விட்டுத் திரும்பவும் கிதாரும் கீதமுமாகப் போய்விட்டார். அடுத்த வருடம் சாமி பிரைஸின் சின்னக் குழுவோடு பதிவு செய்த "ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே" 1945-ல் கறுப்பினச் சந்தைக்கான பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. நான்கு பேர், ஒரு பெரிய குரல். பதினைந்து பேர் எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

ட்ரெவர் பேக்கனை இந்த இடத்தில் ஒரே ஒரு பாட்டோடு கடந்துவிடலாம்: "வென் தி லைட்ஸ் கோ ஆன் அகெய்ன்." போர்க்காலத்து மெல்லிசை. மென்மையான ஆண்குரல். ஜம்ப் ஒன்றும் இதில் இல்லை. ஆனாலும் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒரு ராத்திரி நடனத்தில் இணையாகக் கட்டிக்கொண்டு ஆட மெதுவான பாட்டும் வேண்டுமே. ஜம்ப் குழு என்றால் ராத்திரி முழுக்கக் குதித்துக்கொண்டே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

நான்காம் படி: வைனோனி ஹாரிஸ், கிணற்றில் விஸ்கி

நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் இருந்து வந்தவர். "மிஸ்டர் ப்ளூஸ்" என்று தனக்கே பட்டம் சூட்டிக்கொண்ட ஆள். அவர் ரகத்துக்கு ஷவுட்டர் என்று பெயர். கத்துபவர் என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். கான்சாஸ் சிட்டி மதுக்கூடங்களில் மைக் இல்லாமலே, குழுவின் சத்தத்தைத் தாண்டிக் கடைசி மேசைவரை குரலைக் கொண்டுசேர்த்த மரபு அது. பிக் ஜோ டர்னர் அதன் பெரியவர். மதுபானம் ஊற்றிக்கொடுத்துக்கொண்டே பாடியவர். நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால் எட்டுக்கட்டையில் பாடினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தத் தேவைதான் இங்கேயும்.

1944 மே மாதம் மிலிண்டரோடு அவர் பதிவு செய்தது "ஹூ த்ரூ தி விஸ்கி இன் தி வெல்." நடக்கும் இடம் சர்ச். யாரோ கிணற்றில் விஸ்கியைக் கொட்டிவிடுகிறார்கள். பக்தர்கள் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள். மீதியை நீங்களே ஊகிக்கலாம். ஹாரிஸ் பிரசங்கியாராகிறார், ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் சபையாராகிறார்கள். தார்ப் நேர்மையாகச் செய்ததை இவர்கள் கேலியாகச் செய்கிறார்கள். முந்தைய படியை நிதானமாகக் கேட்டவருக்குத்தான் இந்தக் கேலி முழுக்க விளங்கும்.

மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை ஹாரிஸை மட்டும். இரண்டாவது தடவை அவர் வரி முடிக்கும் இடங்களை மட்டும், யார் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று. மூன்றாவது தடவை டிரம்ஸ். வாசிப்பவர் பனாமா பிரான்சிஸ், சவாயில் ராத்திரி ராத்திரியாக ஆடுபவர்களைப் பார்த்தே வாசித்துத் தேறியவர். பாடகர் வாயைத் திறந்தால் அடங்குவார், மூடினால் எழும்புவார். ஆர்கெஸ்ட்ரா பாடகருக்கு இடம் விடுகிறது என்று சொல்வதெல்லாம் கடைசியில் இந்த ஒரு ஆளின் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பதிவு கடைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. காலம் அப்படி. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவு மறுப்புப் போராட்டம் தொடங்கி, டெக்கா 1943-ல்தான் சமரசத்துக்கு வந்தது. அதோடு தட்டு வார்க்க அரக்கு இல்லை. அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. போரில் கடல்வழி கெட்டதும் அமெரிக்க அரசு அதற்குக் கட்டுப்பாடு போட்டது. ஹார்லெமில் ஒரு பாட்டு தாமதமாக வந்ததற்கு நம் பக்கத்து மரத்துப் பிசின்பூச்சியும் ஒரு காரணம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

1945-ல் வெளிவந்ததும் எட்டு வாரம் முதலிடம். அந்த வருடமே சம்பளத் தகராறில் ஹாரிஸ் விலகினார். பாட்டு லக்கி பெயரில் ஓடுகிறது, ஜனங்கள் கேட்பதோ ஹாரிஸின் குரலுக்காக. லேபிளில் சின்ன எழுத்தில் இருந்தவருக்கு இது உறைக்காமல் இருக்குமா?

ஐந்தாம் படி: சாக்ஸபோன்காரர் பாடுகிறார், ஊர்ப்பெயர் பாடகியாகிறது

ஹாரிஸ் விட்ட இடத்தில் பாட நின்றவர் குழுவிலேயே டெனர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்த பெஞ்சமின் ஜாக்சன். க்ளீவ்லாந்துக்காரர். முகத்தைப் பார்த்துச் சக கலைஞர்கள் வைத்த பெயர் புல் மூஸ். கேலிப்பெயரே மேடைப்பெயர் ஆகிவிட்டது. விஸ்கியைக் கொட்டியது யார் என்று எனக்குத் தெரியும் என்ற தலைப்பில் பதில் பாட்டே பாடி 1946-ல் ஒரு சுற்று வந்தார். 1947-ல் "ஐ லவ் யூ, யெஸ் ஐ டூ." உறுமுவார் என்று எதிர்பார்த்துப் போட்டால் பட்டுப்போல ஒரு காதல் பாட்டு. உருவத்துக்கும் பெயருக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அவருடைய இரட்டை அர்த்தப் பாட்டுகளும் ஏராளம், குறிப்பாக 1952-ன் "பிக் டென் இஞ்ச் ரெக்கார்ட்." கூடத்தில் பெரியவர்கள் இருக்கும்போது ஸ்பீக்கரில் விடாதீர்கள், ஆங்கிலம் தெரியாதவர்களுக்குக்கூட அந்த இடைவெளிகள் புரிந்துவிடும்.

அனிஸ்டீன் ஆலனின் இயற்பெயர் எர்னஸ்டீன். லக்கி தன் சொந்த ஊர் அனிஸ்டனை அவர் பெயருக்குள் நுழைத்துவிட்டார். 1946-ன் "தேர்ஸ் குட் ப்ளூஸ் டுநைட்" கேளுங்கள். ஷவுட்டர் என்றால் ஆண்தான் என்ற எண்ணம் இருந்தால் அதோடு போய்விடும். இந்தக் குழுவின் பாடகர்களில் நியாயமாகக் கிடைக்கவேண்டிய பெயர் கிடைக்காமல் போனவர் இவர்தான் என்பது என் கட்சி. பின்னாளில் தனியாகப் பாடிய "ஃபூஜியாமா மாமா"வைக்கூட ஊர் வாண்டா ஜாக்சனின் பாட்டாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

இந்தக் குழுவோடு பதிவாகாமலே போன ஒரு குரலும் உண்டு. 1948-ல் லக்கி ரூத் பிரவுன் என்ற இளம்பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். ஒருநாள் அந்தப் பெண் குழுவினருக்குக் குடிக்க வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார் என்பதற்காக, உனக்குப் பாடவும் வராது என்று சொல்லி வாஷிங்டனிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார் என்று ரூத் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கையில் ஊருக்குப் போகக் காசில்லை. அடுத்த சில வருடங்களில் அட்லாண்டிக் ரெக்கார்ட் நிறுவனத்தையே தூக்கி நிறுத்திய குரல் அது. காதைத் தவிர வேறு முதல் இல்லாதவரின் காதும் ஒரு நாள் ஏமாற்றியது.

ஆறாம் படி: பாடகர்களோடு வெளியேறுங்கள்

சின்சினாட்டியில் சிட் நேதன் 1943-ல் தொடங்கிய கிங் ரெக்கார்ட்ஸுக்கு இப்போது போகவேண்டும். மிலிண்டர் குழுவில் டிரம்பெட் வாசித்து, ஏற்பாடுகள் எழுதிக்கொண்டிருந்த ஹென்றி க்ளோவர் அங்கே தயாரிப்பாளரானார். அமெரிக்க ரெக்கார்ட் தொழிலில் அந்த மாதிரிப் பொறுப்பில் அமர்ந்த முதல் சில கறுப்பினத்தவர்களில் ஒருவர். புல் மூஸ், ஹாரிஸ், அனிஸ்டீன் மூவரும் கிங் பக்கம் போனார்கள். கடைசியில் 1950 வாக்கில் லக்கியே அங்கே வந்து சேர்ந்தார்.

1947 டிசம்பர் 28-ம் தேதி. ஜனவரி முதல் தேதி அடுத்த பதிவு மறுப்புப் போராட்டம் ஆரம்பிக்கப் போகிறது. எல்லா நிறுவனங்களும் அடித்துப் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருந்த நாட்கள். அன்றைக்குக் கிங்கில் ஹாரிஸ் பாடியது "குட் ராக்கிங் டுநைட்." ராய் பிரவுன் எழுதிப் பாடிய பாட்டு அது, ஹாரிஸ் கையில் எடுத்ததும் வேறொன்றாகிவிட்டது. முதல் படியில் இரண்டிலும் நான்கிலும் கை தட்டிப் பழகினீர்களே, அந்தக் கைதட்டல் இங்கே பதிவிலேயே கேட்கும். சாக்ஸபோன் ஹால் சிங்கர். குழு சின்னது. வரிசை வரிசையாகப் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஒரே டெனர் அந்த வேலையைச் செய்கிறது. "விஸ்கி"யையும் இதையும் மாற்றி மாற்றிக் கேட்டால், நடுவில் இருக்கும் மூன்றரை வருடத்தில் என்ன குறைந்தது, என்ன கூடியது என்று நானே சொல்லவேண்டியதில்லை. குழு சுருங்கியதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல. போர்க்காலத்தில் பெட்ரோல், டயர் பஞ்சம். 1944-ல் நடனமாட இடம் கொடுக்கும் கேளிக்கைக் கூடங்களுக்கு 30 சதவீத வரி போட்டு, பிறகு 20 ஆக்கினார்கள். பதினைந்து பேரை பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகப் போவது கட்டுப்படியாகவில்லை.

இதற்குப் பிறகு அக்கம்பக்கம் போகலாம். பட்டி ஜான்சன் ஆர்கெஸ்ட்ராவில் அவர் தங்கை எலா ஜான்சன் பாடிய 1945-ன் "சின்ஸ் ஐ ஃபெல் ஃபார் யூ." ஜே மெக்ஷான் குழுவில் வால்டர் பிரவுனின் "கன்ஃபெசின் தி ப்ளூஸ்", 1941. கலிஃபோர்னியாவில் ஜானி ஓடிஸ் குழுவோடு லிட்டில் எஸ்தர் பாடி 1950-ல் வெளிவந்த "டபுள் கிராசிங் ப்ளூஸ்". அப்போது அவருக்குப் பதினான்கு வயது, குரலுக்கு நாற்பது. லூயி ஜோர்டனையும் கேளுங்கள், ஆனால் கடைசியில். அவரே பாடி, அவரே சாக்ஸபோன் வாசித்து, அவரே தலைவர். அவரிடம் ஆரம்பித்தால் பெருங்குழுவும் பாடகரும் ஒருவருக்கொருவர் இடம்விட்டுப் பழகிய விதம் பிடிபடாது.

லக்கி 1950-களின் தொடக்கத்தில் ஊர் சுற்றும் குழுவைக் கலைத்துவிட்டார். பிறகு வானொலியில் டிஸ்க் ஜாக்கி வேலை, மதுபான விற்பனை என்று ஓட்டி, 1966-ல் நியூயார்க்கில் இறந்தார். புல் மூஸ் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கேட்டரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1980-களில் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஃப்ளாஷ்கேட்ஸ் என்ற இளைஞர் குழு அவருடைய பழைய பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தது. ஆளைத் தேடிப் பிடித்து மறுபடி மேடை ஏற்றினார்கள். 1985-ல் புது ஆல்பமே வந்தது. பெயர் "மூஸ்மேனியா." இந்த முறை அட்டையில் அவர் பெயர்தான் பெரிய எழுத்து.